லா பிரெஷ் கணவாயில் ஒரு தலையசைப்பு

காற்றாலைக் கம்பனிக்கும் ஊர் மக்களுக்கும் நடுவில் நின்று கதைப்பதுதான் தாட்சாயினியின் வேலை. மொன்றியல் நகர மையத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளுக்கு ஒரு மேசை இருந்தது. மாதத்தில் பாதி நாள் அவள் அந்த மேசையில் இருப்பதில்லை. கம்பனி எங்கே கோபுரங்களை நடத் திட்டமிட்டதோ அங்கே முதலில் போகிறவள் அவள்தான். ஊராரின் சமையலறைகளில் இருந்து கோப்பி குடிப்பாள். அவர்களுடைய நாய்களின் பெயர்களைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் கோட்-டெ-நெய்ஜ் பள்ளிக்கூடத்தில் ஏறிய பிரெஞ்சு, கியூபெக் இழுவையோடு அப்படியே அவள் நாவில் இருந்தது. தொலைபேசியில் குரலை மட்டும் கேட்டவர்கள் ஆளை நேரில் கண்டதும் ஒரு கணம் தடுமாறுவார்கள். பிறகு அந்தத் தடுமாற்றத்துக்கு வெட்கப்பட்டுக் கூடுதலாக உபசரிப்பார்கள். அது தனக்கு உதவுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

லா பிரெஷ் என்ற ஊருக்கு அவள் இரண்டு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். மொன்றியலிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் மத்தியானம் போய்ச் சேரலாம். பிரெஷ் என்றால் உடைப்பு. இரண்டு மலைகளுக்கு நடுவே கோடரியால் ஒரே வெட்டாக வெட்டிவிட்டதுபோல ஒரு கணவாய். அகன்ற ஆற்றின்மேல் ஓடிவருகிற காற்று முழுவதும் அந்த இடுக்கில் நுழைந்துதான் மறுபக்கம் போகவேண்டும். அங்குள்ள வீடுகளுக்கு மேற்குப் பக்கத்தில் வாசல் கிடையாது. தேவாலயத்தின் கோபுரத்தைக்கூடக் குட்டையாகத்தான் கட்டியிருந்தார்கள். இப்படி ஒரு காற்றைத் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை என்று கம்பனியின் பொறியியலாளர் ஜெயசங்கர் சொன்னார். அவர் நாகர்கோவில்காரர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே வளர்ந்தவர்.

கணவாயின் வாயில் ஒரேயொரு வீடு இருந்தது. அதில் ஜிஸ்லேன் என்ற அறுபது வயதுப் பெண்ணும் அவளுடைய கணவர் நோர்மோனும் இருந்தார்கள். நோர்மோன் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நீரிழிவு அவருடைய இரண்டு கண்களையும் எடுத்துவிட்டது. ஆனாலும் வீட்டிலிருந்து மேப்பிள் தோப்புக்கும், தோப்பிலிருந்து அந்த மரங்களின் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டிலுக்கும் அவர் தனியாகவே போய்வருவார். இடது பக்கம் ஓடையின் சத்தம், வலது பக்கம் தேவதாரு மரங்களில் காற்றின் சத்தம். இரண்டுக்கும் நடுவே நடந்தால் கொட்டில் வந்துவிடும்.

"காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை" என்று ஜிஸ்லேன் தாட்சாயினியிடம் முதல் நாளே சொன்னாள். "அது சுத்துகிற சத்தம் இவருடைய காதுக்குள் வரக்கூடாது. அவ்வளவுதான். அது வந்தால் இவர் வீட்டுக்குள் அடைபட்ட மாதிரித்தான்."

தாட்சாயினி வரைபடத்தை மேசையில் விரித்து, எல்லாக் கோபுரங்களும் மலைக்குப் பின்பக்கம் வருவதைக் காட்டினாள். அன்றைக்கு அது உண்மையாகவே இருந்தது. ஜிஸ்லேன் நோர்மோனின் சுட்டுவிரலைப் பிடித்து வரைபடத்தில் தங்கள் வீடு இருக்கிற இடத்தில் வைத்தாள். பிறகு மெதுவாக இழுத்து, கோபுரங்கள் வரும் இடத்துக்குக் கொண்டுபோனாள். "தூரம்தான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஜிஸ்லேன் கம்பனியின் பக்கம் நின்றாள். தயங்கிய பல வீடுகளுக்கு அவளே தாட்சாயினியைக் கூட்டிப்போனாள்.

காற்றாலை வேண்டுமா என்ற ஊர் வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருந்தபோது, அலுவலகத்தில் கோப்பி எடுக்கப் போன இடத்தில் ஜெயசங்கர் அவளைத் தனியாகப் பிடித்தார். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாத விடயம் என்றால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார்.

"தாட்சா, அந்தப் பின்பக்க மேட்டுல பாறை சரியில்லைம்மா. அஸ்திவாரம் நிக்காது. ரெண்டு டவரை கணவாய் வாய்ப் பக்கம் மாத்தறோம்."

"ஜிஸ்லேனின்ர வீட்டுப் பக்கமோ?"

"ஆமா. ஆனா சட்டம் கேக்கற தூரத்தை விட்டுத்தான் இருக்கு. அதுல தப்பு இல்லை."

"அப்ப நான் அவைக்குச் சொல்லவேணும், சங்கர் அண்ணை. வாற சனிக்கிழமை வாக்கெடுப்பு."

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஓட்டு முடியட்டும்னு மேல சொல்லிட்டாங்க. நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்களா அந்தப் பேச்சை எடுக்காதீங்க, அவ்வளவுதான். எங்க ஊர்ல காத்தாடி நிழல் வீட்டுக்கூரை மேலயே சுத்தும். ஜனங்க பழகிட்டாங்க. இவங்களும் பழகிடுவாங்க."

பின்னேரம் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். இரண்டு வருட உழைப்பை ஒரு கிழமையில் கெடுத்துவிடவேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு சிரித்தபடி, "வாக்கெடுப்புக்கு உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயேன். அங்கே மத்தியானச் சாப்பாடும் இருக்கிறது. ஊர்ச் சனத்துக்கு அது பிடிக்கும்" என்றார்.

வேறொரு நாளில் அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. நல்ல யோசனை என்றே பட்டது. பின்னாளில் அவள் அடிக்கடி திரும்பத் திரும்ப நினைத்தது இதைத்தான்: அது நல்ல யோசனை என்று தனக்குப் பட்டதை.

தாய் சிவமலரும் தாட்சாயினியும் பியர்பொன்ட்ஸில் ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள். தகப்பன் இறந்து சில வருடங்கள். சிவமலர் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மகள் எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்றால் உடனே வெளிக்கிட்டுவிடுவாள். அந்தச் சனிக்கிழமையும் கத்தரிப்பூ நிறச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம் நிறைந்திருந்தது. பட்டாணிச் சூப்பின் மணம். ஜிஸ்லேன் ஓடிவந்து சிவமலரை இரு கன்னத்திலும் முத்தமிட்டு, தனக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் இருத்திக்கொண்டாள். மறுபக்கம் நோர்மோன் இருந்தார்.

தாட்சாயினி வழமையாகப் பேசுவதைப் பேசினாள். கேள்விகள் வந்தன, பதில் சொன்னாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பால்பண்ணைக்காரர் எழுந்தார். பெரிய உருவம், கையில் தொப்பி.

"நீ நன்றாகக் கதைக்கிறாய், மத்மொசெல். ஆனால் நீ மொன்றியல்காரி. அடுக்குமாடியில் வளர்ந்தவள். நிலத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மண்டபம் எந்தப் பக்கமும் சாயலாம் என்று தாட்சாயினிக்குத் தெரிந்தது. அவள் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள்.

"என் அம்மா இங்கே இருக்கிறார்" என்று தொடங்கினாள். "இலங்கையின் வடக்கில் கட்டுவன் என்று ஓர் ஊர். தொண்ணூறாம் ஆண்டில் இராணுவம் வந்தது. பின்னேரம் திரும்பிவிடலாம் என்று நினைத்து அம்மா வெளியே ஓடினார். அடுப்பில் சோறு இருந்தது. பட்டியில் பசு கட்டியபடி இருந்தது. அதை அவிழ்த்துவிட அவருக்கு நேரமில்லை. அந்த நிலத்துக்குத் திரும்பிப் போக அம்மாவை யாரும் விடவில்லை. வேலி போட்டார்கள். உங்கள் நிலத்தை எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதனால்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன். கேட்காமல் எதுவும் நடக்கக்கூடாது என்பதற்காக. நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

சொல்லச் சொல்லத் தன் குரல் தழுதழுப்பதை அவள் உணர்ந்தாள். அது நடிப்பில்லை. அதுதான் மோசம். கண்ணீர் உண்மையானது, அது எதற்குப் பயன்படுகிறது என்பதும் அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடு வளர்க்கிறவர்கள் நிறைந்த மண்டபம் அது. கட்டியபடி நின்ற பசு அவர்களைத் தொட்டுவிட்டது. பால்பண்ணைக்காரர் தொப்பியைக் கையில் திருகியபடி மறுபடி நாற்காலியில் இருந்துவிட்டார். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சிவமலர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜிஸ்லேன் எழுந்தாள். அவளுடைய கண்களும் சிவந்திருந்தன.

"ஒன்றே ஒன்றுதான். நீ எங்கள் மேசையில் விரித்துக் காட்டினாயே, அதேபோலத்தானே? மலைக்குப் பின்னால்தானே?"

தாட்சாயினி தலையசைத்தாள். ஒரு தரம், சின்னதாக. வாய் திறக்கவில்லை.

திட்டம் கொஞ்ச வாக்குகளால் வென்றது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனி கரைந்த வயல்கள் ஈரமாகக் கிடந்தன. ஜிஸ்லேன் கொடுத்துவிட்ட மேப்பிள் பாகுத் தகரத்தைச் சிவமலர் மடியில் வைத்திருந்தாள்.

"அவையளுக்கு ஏன் பசுவைப் பற்றிச் சொன்னனீ?" என்று கேட்டாள்.

தாட்சாயினி சாலையிலிருந்து கண்ணை எடுத்தாள். "உங்களுக்கு விளங்கினதோ?"

"இவ்வளவு வருசம் பிரெஞ்சு கதைக்கிற ஹெயிட்டிப் பொம்பிளையளோட நிண்டு வேலை செய்தனான். கதைக்க வராது. விளங்காமலோ?"

அந்தப் பசுவைப் பற்றித் தாய் அவளுக்கு ஒரேயொரு தரம்தான் சொல்லியிருந்தாள். தகப்பனின் செத்தவீடு முடிந்த கிழமை, ஏதோ கதையில் தானாகவே வந்தது. கை எட்டுகிற தூரத்தில் கயிறு இருந்தது, இழுத்தால் அவிழ்ந்திருக்கும், தான் இழுக்கவில்லை என்று சொல்லி, உடனே எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

"நல்லதுக்குத்தான் அம்மா" என்றாள் தாட்சாயினி. "அவைக்கு எங்களில நம்பிக்கை வரவேணுமெல்லோ."

சிவமலர் கொஞ்சம் யோசித்தாள். "நல்லதுக்கெண்டால் சரி, பிள்ளை" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தாட்சாயினி எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அந்த மண்டபத்தில் ஜிஸ்லேனும் சிவமலரும் தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிஸ்லேன் சிவமலருக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினாள். சிவமலருக்குத் தெரிந்த பிரெஞ்சு, தொழிற்சாலைப் பிரெஞ்சு. வினைச்சொற்கள் எல்லாம் காலம் மாறாமல் கிடக்கும். ஆனாலும் இருவரும் பேசினார்கள். முழங்கால் வலி, இறந்துபோன உறவுகள், நோர்மோனின் இன்சுலின், முருங்கைக்காய் என்றால் என்ன. சிவமலர் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரிப்பதைத் தாட்சாயினி மாடியிலிருந்து கேட்பாள். தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கேட்கும்போது, சொல்லவேண்டும், இந்தக் கிழமை சொல்லவேண்டும் என்று நினைப்பாள். கம்பனி முறைப்படி அறிவிக்கட்டும் என்று பிறகு விட்டுவிடுவாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. சிவமலர் தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்கு ஏறி வந்தாள்.

"பிள்ளை, ஜிஸ்லேனின்ர தோப்புக்குப் பக்கத்தில ஆரோ கட்டையள் அடிச்சுச் செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கினமாம். பிழையா அடிச்சுப்போட்டினம்போல, உன்னட்டக் கேக்கச் சொன்னவ."

தாட்சாயினி மடிக்கணினியை மூடினாள். "பிழை இல்லை அம்மா."

"அப்ப?"

"அங்கதான் வருகுது. ரெண்டு."

"எப்ப மாத்தினவை?"

தாட்சாயினி மடிக்கணினியின் மூடியைப் பார்த்தாள். சிவமலர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்டைக்கு உனக்குத் தெரியுமோ? அவ எழும்பிக் கேக்கேக்க?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ தலையாட்டினனீ?"

"ஓம் அம்மா."

சிவமலர் திட்டவில்லை. கட்டிலின் ஓரத்தில் வந்து இருந்தாள். "என்ர பசுவைச் சொல்லிப்போட்டு, பேந்து தலையாட்டினனீ" என்றாள், கணக்கைச் சரிபார்க்கிறவள்போல. பிறகு எழுந்து கீழே போனாள்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடித்தது. சிவமலர் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. தாட்சாயினி எதிரில் இருந்தாள். அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"எடுங்கோவன் அம்மா."

"எடுத்து என்னத்தைச் சொல்ல? நீ எடு."

தாட்சாயினி எடுக்கவில்லை. இருவரும் அந்தச் சத்தம் முடியும்வரை ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. மூன்றாம் ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் சிவமலர் அழுதாள்.

திங்கட்கிழமை தாட்சாயினி ஜெயசங்கரின் அறைக்குப் போனாள். இரண்டு கோபுரங்களையும் விட்டுவிட முடியாதா என்று கேட்டாள். அவர் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"முடியாதுன்னு இல்லை. செய்ய மாட்டாங்க. ஊர் சம்மதம் குடுத்தாச்சு, தாட்சா. இனி அவங்களுக்கு அவசியமில்லை." பிறகு தாழ்ந்த குரலில், "நானும் அன்னிக்கு உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கும் உறுத்துது" என்றார். அவருடைய உறுத்தல் அவளுக்கு ஆறுதலாக இல்லை. இருவரும் குற்றவாளிகள் என்பதால் பங்கு பாதியாகிவிடவில்லை.

சனிக்கிழமை அவள் கார்ச் சாவியை எடுத்தபோது சிவமலர் ஏற்கெனவே வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏன் அம்மா? நான் தனியப் போறன்."

"நானும் தொலைபேசி எடுக்காமல் விட்டனான்தானே" என்றாள் சிவமலர்.

ஜிஸ்லேன் கதவைத் திறந்ததும் முதலில் சிவமலரைத்தான் பார்த்தாள். "சுகமில்லையா உனக்கு? நான் பயந்துபோனேன்" என்றாள். மூவரும் சமையலறைக்குப் போனார்கள். நோர்மோன் யன்னலோரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். தாட்சாயினி நின்றபடியே சொன்னாள். பாறை, கோபுரங்கள் மாறியது, அது தனக்கு எப்போது தெரியும், தலையசைத்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது நோர்மோன் வானொலியை நிறுத்தியிருந்தார்.

ஜிஸ்லேன் அவளைப் பார்க்கவில்லை. சிவமலரிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"அந்த நாள் தெரியாது" என்றாள் சிவமலர், தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில். "பிறகு தெரியும். இரண்டு ஞாயிறு. தொலைபேசி நான் எடுக்கவில்லை. வெட்கம்."

ஜிஸ்லேன் எழுந்து பாத்திரத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல் முதுகைக் காட்டி நின்றாள்.

"நான் எத்தனை வீடுகளுக்கு உன்னைக் கூட்டிப்போனேன்" என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. "அவர்கள் என்னைத்தான் நம்பினார்கள். உன்னை இல்லை."

நோர்மோன் எழுந்து கையை நீட்டினார். "எந்த இடம் என்று காட்டு."

தாட்சாயினி அவருடைய கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஓடையைத் தாண்டிய சிறு மேட்டில் செம்மஞ்சள் நாடா காற்றில் படபடத்தது. அவர் கட்டையைத் தடவிப் பார்த்தார். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்.

"சுத்தும்போது எப்படிக் கேட்கும்? உண்மையைச் சொல்."

அவளுடைய வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் அளவுதான் என்பது அது. எல்லா ஊர்களிலும் சொல்லிவந்தது. அதைச் சொல்லவில்லை. "உப்... உப்... என்று வரும். ஒவ்வொரு இறகும் கீழே வரும்போது. நல்ல காற்றில் விடாது. ஓடையின் சத்தம் உங்களுக்குக் கேட்காது என்று நினைக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். "இதை ஊருக்குச் சொல். ஜிஸ்லேன் போய்ச் சொல்லவேண்டி வரக்கூடாது. அவள் ஏற்கெனவே உனக்காக ஒரு தரம் சொல்லிவிட்டாள்."

ஊர்ச்சபை மாதம் ஒருமுறை கூடும். அடுத்த கூட்டம் அதே தேவாலய மண்டபத்தில். தாட்சாயினி கூட்டத்துக்கு முந்தின நாளே வேலையை விட்டு விலகுவதாக மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள். அவர் ஏன் என்று கேட்டார். சொன்னாள். நீ செய்யப்போவது ஒரு நல்ல திட்டத்தைக் கொல்வது, அந்தக் காற்று எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தெரியுமா என்றார் அவர். அதுவும் உண்மைதான். அதனால்தான் அவளுக்கு அது கடினமாக இருந்தது.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் அவள் எழுந்தாள். தாள் எதுவும் கொண்டுவரவில்லை. "வாக்கெடுப்பன்று எனக்குத் தெரிந்திருந்தது" என்று தொடங்கிச் சுருக்கமாகச் சொன்னாள். கைதட்டலோ பாராட்டோ வரும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் இவ்வளவு கோபத்தை எதிர்பார்க்கவுமில்லை. முதல் கோபம் வந்தது திட்டத்தை விரும்பியவர்களிடமிருந்து.

"இதை இப்போது ஏன் எங்களுக்குச் சொல்கிறாய்?" என்று ஓர் இளம் தாய் கத்தினாள். அவளுடைய மடியில் குழந்தை இருந்தது. "கம்பனி ஊருக்குத் தரும் காசில் இங்கே பள்ளிக்கூடம் மூடப்படாமல் இருக்கும் என்று நினைத்தோம். உன் மனம் ஆறுவதற்காக எங்கள் தலையில் கல்லைப் போடுகிறாயா?"

அந்தப் பெண் கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது.

அப்போது பால்பண்ணைக்காரர் எழுந்தார். அவர் கத்தவில்லை.

"எனக்கு ஒன்று தெரியவேண்டும். அந்தப் பசு. அதுவும் நீ கட்டிய கதையா?"

"இல்லை. அது உண்மை" என்றாள் தாட்சாயினி.

யாருடைய முகத்திலும் நம்பிக்கை இல்லை. ஏன் இருக்கவேண்டும்? அதே வாய், அதே மண்டபம். "சத்தியமாக உண்மை" என்று மறுபடி சொன்னாள். இரண்டாம் தரம் சொன்னபோது அது இன்னும் பொய்போலக் கேட்டது.

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். சிவமலர் எழுந்து நின்றாள். ஒரு கையால் முன் நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

"பசு உண்மை" என்றாள் பிரெஞ்சில். சொற்களைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "கயிறு பக்கத்தில். நான் அவிழ்க்கவில்லை. மகள் இல்லை. நான்."

மறுபடி நாற்காலியில் இருந்துவிட்டாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், குளிர் இல்லாத அந்த மண்டபத்தில். பால்பண்ணைக்காரர் "மன்னிக்கவேண்டும், மதாம்" என்று முணுமுணுத்தார். தன் தாய், அறியாத மனிதர்களுக்கு முன்னால், தன் வாழ்க்கையின் மிக வேதனையான விடயத்துக்குச் சாட்சி சொல்லவேண்டி வந்ததைத் தாட்சாயினி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த விடயத்தை அங்கே கொண்டுவந்து போட்டது அவள்தான். அதை இனித் திருப்பி எடுத்துக்கொண்டுபோக வழி இல்லை.

ஊர்ச்சபை கம்பனிக்கு எதிராக நின்றது. பத்திரிகையில் செய்தி வந்தது. இழுபறி இலையுதிர்காலம் வரை போனது. கடைசியில் கம்பனி இரண்டு கோபுரங்களில் ஒன்றைக் கைவிட்டது, மற்றதைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. மற்றவை திட்டப்படியே எழும்பின. பள்ளிக்கூடம் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் மட்டும் நோர்மோனுக்குச் சத்தம் கேட்கிறது. அந்த நாட்களில் அவர் கொட்டிலுக்குப் போவதில்லை.

தாட்சாயினிக்கு சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியசாலையின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே யாரையும் எதற்கும் சம்மதிக்கவைக்கத் தேவையில்லை.

ஜிஸ்லேன் சில மாதங்கள் கழித்துச் சிவமலருக்கு மறுபடி தொலைபேசி எடுக்கத் தொடங்கினாள். முன்போல நீளமாக இல்லை. சிரிப்பும் குறைவு. ஆனால் எடுத்தாள். "பிள்ளை எப்படி" என்று மட்டும் கேட்கமாட்டாள். சிவமலரும் சொல்லமாட்டாள்.

மறுவருடம் நோர்மோனின் சிறுநீரகத்தைப் பார்க்க கோட்-டெ-நெய்ஜில் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பேருந்தில் வந்து விடுதியில் தங்குகிறோம் என்று ஜிஸ்லேன் சொன்னபோது சிவமலர் விடவில்லை. தாட்சாயினி அவர்களைப் பேருந்து நிலையத்தில் காரில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சிவமலர் புட்டும் கறியும் வைத்திருந்தாள். நோர்மோன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜிஸ்லேன் தாட்சாயினியிடம் உப்பைக் கேட்டாள், நன்றி சொன்னாள், மரியாதையாக இருந்தாள். முன்பு "நீ" என்று கூப்பிட்டவள் இப்போது "நீங்கள்" என்றாள்.

மறுநாள் காலை அவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனாள். கார் நிறுத்த இடம் தேடி நாலு தரம் சுற்றினாள். உள்ளே நோர்மோனின் கையைப் பிடித்து நடைபாதைகளில் வழிகாட்டினாள். நீளமான நடை. இங்கே வாசல், இங்கே சரிவு என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் அவளுடைய தோளைத் தட்டி, "நன்றாகக் கூட்டிப்போகிறாய்" என்றார். அவருக்கு மனதில் ஒன்றும் இல்லைப்போல இருந்தது. அல்லது இருந்ததோ, அவளுக்குத் தெரியவில்லை.

பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். "நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். மற்றவர் குடும்பமா?" என்று தாட்சாயினியைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லை" என்றாள் ஜிஸ்லேன். அவளுடைய குரலில் கோபம் எதுவும் இல்லை. "இவர் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டவர்."

சொன்னது சரிதான். தாட்சாயினி தலையைக் குனிந்து, காத்திருப்போர் நாற்காலி ஒன்றில் போய் இருந்தாள். அவர்கள் இருவரும் உள்ளே போன கதவு மூடிக்கொண்டது. அவர்கள் வெளியே வர வெகுநேரமாகும் என்று யாரோ சொன்னார்கள். அவள் காத்திருந்தாள்.